எழுப்பாதீங்க சிஸ்டர், இப்பத்தான் தூங்குறாரு

எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு நைட் டியூட்டி. அறுவை சிகிச்சை வார்டில் முப்பது படுக்கைக்கு நாங்கள் இரண்டு பேர். ஏழாம் படுக்கைக்காரருக்கு அன்று மதியம்தான் வயிற்றில் ஆபரேஷன் முடிந்திருந்தது. 58 வயது, கனத்த உடம்பு, கழுத்தும் தோளும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி இருக்கும். ரெக்கவரி அறையிலேயே மார்ஃபின் கொஞ்சம் வாங்கிக்கொண்டுதான் வார்டுக்கு வந்தார். அது போதவில்லை. ஒன்பது மணியிலிருந்து முனகிக்கொண்டே இருந்தார். டியூட்டி டாக்டர் எழுதியபடி மார்ஃபின் 2 மி.கி. நரம்பு வழியாகக் கொடுத்தேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு இன்னொரு 2 மி.கி. குமட்டுகிறது என்றார். தேவைப்பட்டால் போடலாம் என்று சார்ட்டில் புரோமெத்தசின் எழுதியிருந்தது, அதையும் சலைனில் கலந்து ஏற்றினேன். அப்புறம் தூங்கிவிட்டார்.

பதினோரு மணிக்கு பிபி பார்க்கப் போனேன். அவர் மனைவி உதட்டில் விரலை வைத்து, "எழுப்பாதீங்க சிஸ்டர், இப்பத்தான் அசந்து தூங்குறாரு. கொறட்டச் சத்தம் கேக்குதா?" என்றார். முகத்தில் அத்தனை நிம்மதி. விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி 97 காட்டியது. மாஸ்க்கில் ஐந்து லிட்டர் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. இன்னும் பதினோரு பேருக்கு ஆன்டிபயாடிக் பாக்கி. தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு எட்டாம் படுக்கையின் ட்ரிப்ஸ் மாற்றும்போது பக்கத்தில் குறட்டை நின்றது. மறுபடி வரும் என்று காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து ஒரு தரம் வந்தது. திரும்பிப் பார்த்து, வாட்சைப் பிடித்து எண்ணினேன். ஒரு நிமிடத்தில் ஆறு மூச்சு. தோளைத் தட்டினேன், பெயரைச் சொல்லிக் கத்தினேன், நெஞ்செலும்பில் முட்டியை வைத்துத் தேய்த்தேன். இமை லேசாக அசைந்ததோடு சரி. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி இரண்டும் கடுகு மாதிரி.

தாடையைத் தூக்கி அம்பு பேக்கால் மூச்சுக் கொடுக்க ஆரம்பித்தேன். கூட இருந்த சிஸ்டர், மார்ஃபினை முறிக்கும் மருந்தான நலோக்சோனைத் தேடி எமர்ஜென்சி ட்ராலியைக் கிளறினார். இல்லை. முந்தின வாரம் யாரோ எடுத்திருக்கிறார்கள், திரும்ப வைக்கவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து முதல் மாடி ஐசியுவுக்கு ஓடி எடுத்து வந்தார். டாக்டர் 0.4 மி.கி. ஆம்ப்யூலைப் பத்து மி.லி. ஆக்கி, இரண்டு மி.லி. கொடுத்தார். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு இரண்டு. கண்ணைத் திறந்து, "அம்மா, வலிக்குதே" என்று கத்தினார் அந்த மனிதர். வாழ்க்கையில் ஒருவர் வலி என்று கத்தியதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கதை அங்கே முடியவில்லை. ஐசியுவுக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போதே மறுபடி கண் சொருக ஆரம்பித்துவிட்டது. நலோக்சோன் உடம்பில் நிற்கும் நேரம் குறைவு, மார்ஃபின் அதைவிட நீண்ட நேரம் நிற்கும். முழித்துவிட்டார் என்று கையைக் கழுவிக்கொண்டு போனால், முக்கால் மணி நேரத்தில் பழைய இடத்துக்கே போய்விடுவார். அங்கே மேலும் இரண்டு முறை கொடுக்க வேண்டியிருந்தது. நான்காம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். அவர் மனைவி எனக்குப் பழம் வாங்கி வந்து கொடுத்தார். வாங்கிக்கொள்ளக் கை கூசியது.

நான் கொடுத்த டோஸ் தவறில்லை. ஆர்டரில் இருந்ததுதான், அளவும் சரி, மெதுவாகத்தான் போட்டேன். ஊசியை வெளியே எடுத்ததும் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன், அதுதான் தப்பு. இந்த வேலையில் பதினாலு வருடம் ஆகிவிட்டது. இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, வலி ஊசி போட்ட ஆளைத் தூங்கும்போது எழுப்புவது எப்படி என்றுதான்.

மார்ஃபின் வகை மருந்துகளில் மூச்சு குறைவதற்கு முன்பே மயக்கம் கூடும். பெரும்பாலும் அந்த வரிசையில்தான் நடக்கும். அதனால் மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் தாமதமாகத்தான் தெரியும். கிறிஸ் பசேரோ என்ற அமெரிக்க நர்ஸ் உருவாக்கிய ஒரு தூக்க அளவுகோல் உண்டு. எங்கள் சார்ட்டில் இப்போது அதற்கு ஒரு தனிப் பத்தி இருக்கிறது. சாதாரணத் தூக்கம், கூப்பிட்டால் சட்டென்று முழிப்பார் என்றால் எஸ். விழிப்பாக இருந்தால் 1. லேசான மந்தம், ஆனால் சுலபமாக முழிக்கிறார் என்றால் 2. இதுவரை பரவாயில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் கண் சொருகினால் 3. அதற்கு மேல் மருந்து கிடையாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும். எழுப்பியும் பதிலில்லை என்றால் 4. அன்று பதினோரு மணிக்கே எழுப்பியிருந்தால் ஏழாம் படுக்கைக்காரர் 3-ல் இருந்திருப்பார் என்பது என் கணிப்பு.

நான் எழுப்பும் விதம் இதுதான். "ஐயா, காலையில என்ன சாப்டீங்க?" என்று கேட்பேன். "ஆமா", "இல்ல" என்று முடித்துவிட முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். ஒரு முழு வாக்கியம் வந்தால் எனக்குத் திருப்தி. "காலையில... இட்லி..." என்று பாதியில் நின்றால் அங்கேயே நின்றுவிடுவேன். வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் முக்கியம். "அம்மா, ராத்திரி நாலஞ்சு தடவ வந்து எழுப்புவேன், கோவிச்சுக்காதீங்க. கொறட்ட விட்டா சந்தோஷப்படாதீங்க, என்னையக் கூப்பிடுங்க." மார்ஃபினுக்குப் பிறகு வரும் குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம் இல்லை. நாக்கு பின்னால் விழுந்து மூச்சுப் பாதை பாதி அடைபடுவதன் சத்தமாக இருக்கலாம். வீட்டிலேயே குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிற ஆளா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வேன். அவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அந்த 97 விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருக்கும்போது மூச்சு பாதியாகக் குறைந்தாலும் விரல் கருவி நல்ல எண்ணையே காட்டும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும், எண் மட்டும் அசையாது. அறைக் காற்றில் இருப்பவருக்கு அந்த எண் சீக்கிரம் விழுந்து நம்மை உசுப்பிவிடும். மாஸ்க் போட்டவருக்கு வாட்சும் நம் கண்ணும்தான் கருவி. முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கும் வேலை இங்கே உதவாது, முழு அறுபது விநாடி. வயிற்றில் கையை வைத்து எண்ணுவேன். பத்துக்குக் கீழே போனால் அடுத்த டோஸ் கிடையாது, டாக்டருக்கு போன். எட்டுக்குக் கீழே என்றால் ஓட்டம். இவை எங்கள் மருத்துவமனையின் வரம்புகள், உங்கள் இடத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறார்களோ அதைப் பாருங்கள்.

அன்று நான் கவனிக்காத இன்னொன்று கேஸ் ஷீட்டின் நாலாம் பக்கத்தில் இருந்தது: கிரியாட்டினின் 2.1, அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. மார்ஃபின் உடம்பில் உடையும்போது உண்டாகும் பொருள்களில் ஒன்று மார்ஃபினைப் போலவே வேலை செய்யும். சிறுநீரகம்தான் அதை வெளியேற்ற வேண்டும். சிறுநீரகம் சோம்பினால் அது தேங்கும். கூடவே, நான் போட்ட புரோமெத்தசினும் தூக்கம் தரும் மருந்துதானே. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சரி, சேர்ந்து அவரை அமுக்கிவிட்டன.

இடைவெளிக்கும் வருகிறேன். நரம்பில் போன மார்ஃபின் ஐந்து நிமிடத்தில் வேலையை ஆரம்பிக்கும், முழு வீச்சுக்கு வர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். ரெக்கவரி அறையில் ஐந்து, பத்து நிமிட இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். அங்கே தலைமாட்டிலேயே ஒரு நர்ஸ் நிற்கிறார். அதே ஆர்டர் வார்டுக்கு இறங்கி வரும்போது அந்த நர்ஸ் கூட வருவதில்லை. "பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 2 மி.கி." என்று வார்டு சார்ட்டில் எழுதினால் இப்போது நான் நேராகவே கேட்டுவிடுவேன்: "சார், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா நான் அங்க நிக்க முடியாது. இடைவெளிய மாத்துங்க, இல்லாட்டி எச்டியுவுக்கு அனுப்புங்க." எச்டியு என்றால் கூடுதல் கண்காணிப்பு உள்ள வார்டு. முதல் தடவை சொன்னபோது குரல் நடுங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் மாற்றி எழுதிக் கொடுத்தார்.

இனி மருந்தை எடுக்கும் இடத்துக்குப் போவோம். நம் ஊரில் மார்ஃபின் ஆம்ப்யூல் இரண்டு அளவில் வருகிறது: ஒரு மி.லி.க்குள் 10 மி.கி., அல்லது 15 மி.கி. கண்ணாடி ஒன்றுபோலத்தான் இருக்கும். "ஒரு ஆம்ப்யூலைப் பத்து மி.லி. ஆக்கு, ஒரு மி.லி.க்கு ஒரு மி.கி." என்று கை பழகியிருக்கும். ஸ்டோரிலிருந்து 15 வந்த வாரம் அதே பழக்கத்தில் பத்தாக்கினால், மூன்று மி.லி. என்று நாம் தள்ளுவது 4.5 மி.கி. ஒரு தடவை இரண்டாவது ஆளாகச் சரிபார்க்க வந்த ஜூனியர் பெண்தான் இதைப் பிடித்தாள். ஆம்ப்யூலைக் கையில் வாங்கி, உரக்கப் படித்து, "அக்கா, இது பதினஞ்சு" என்றாள். சிரிஞ்சில் ஏற்கெனவே பத்து வரை இழுத்திருந்தேன். அதைக் கொட்டிவிட்டு, அவள் சாட்சிக் கையெழுத்துப் போட, புதிதாக எடுத்தேன். 15 மி.கி. என்றால் மொத்தம் 15 மி.லி., இருபது மி.லி. சிரிஞ்ச் வேண்டும்.

சரிபார்க்க வருகிறவர் கணக்கைத் தானாகப் போட வேண்டும். "3 மி.லி. சரிதானே அக்கா?" என்று கேட்டால் யாரும் "சரி" என்றுதான் சொல்வார்கள். ஆர்டரையும் ஆம்ப்யூலையும் மட்டும் நீட்டி, "எத்தனை மி.லி. வருது?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பேர் விடையும் ஒத்து வந்தால் போடலாம். ஆர்டர் எப்போதும் மி.கி.யில் இருக்க வேண்டும். "அரை ஆம்ப்யூல் குடுங்க சிஸ்டர்" என்று போனில் சொன்னால், "எத்தன மில்லிகிராம் சார்?" என்று கேட்டு, திருப்பிச் சொல்லி, எழுதிக்கொண்ட பிறகுதான் அலமாரிச் சாவியை எடுக்க வேண்டும்.

சிரிஞ்சில் லேபிள் ஒட்டாமல் ஒரு விநாடி கூடக் கீழே வைக்கக் கூடாது. மருந்தின் பெயர், ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி., கலந்த நேரம், கையெழுத்து. பிளாஸ்டர் துண்டில் எழுதி ஒட்டினாலும் போதும். கலக்கும் சலைன் ஆம்ப்யூலையும் படித்துவிட்டு உடையுங்கள். பொட்டாசியம் குளோரைடும் அதே மாதிரி பிளாஸ்டிக் ஆம்ப்யூலில் வரும், அதை நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும்.

ஆளைச் சரிபார்ப்பதற்குத் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். எங்கள் பக்கத்தில் ஒரு வார்டில் மூன்று முருகேசன் சாதாரணம். "முருகேசனா?" என்று கேட்டால் வலியில் இருக்கிற எவரும் "ஆமா" என்பார், ஊசி தனக்குத்தான் வந்திருக்கிறது என்ற ஆசையில். "உங்க பேரு என்னங்க, அப்பா பேரு என்ன?" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கையில் கட்டியிருக்கும் பட்டையில் ஐபி நம்பரை, அதாவது உள்நோயாளி எண்ணைப் பார்க்க வேண்டும்.

மருந்தைத் தள்ளுவதற்கு முன், நரம்பில் ஏற்றி வைத்திருக்கும் ஊசிக்குழாயை, அதாவது வென்ஃப்ளானைத் தொட்டுப் பார்ப்பேன். வீக்கம், சிவப்பு, எரிச்சல் இருக்கிறதா? ஐந்து மி.லி. சலைன் தடையில்லாமல் போகிறதா? ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் அதன் குழாயை மடக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உள்ளே போகாமல் குழாயில் மேல்நோக்கி ஏறி நிற்கும். நமக்கோ கொடுத்த திருப்தி. அவருக்கு வலி குறையாது, இன்னொரு டோஸ் கொடுப்போம், பிறகு ட்ரிப்ஸைத் திறந்துவிட்டதும் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

இதற்குச் சொந்தக்காரக் கதை ஒன்று, குழாயில் தங்கும் மருந்து பற்றியது. ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு பெண் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். கையில் நீள எக்ஸ்டென்ஷன் குழாய். நான் ஆன்டிபயாடிக்கை அதன் வழியாகத் தள்ளினேன். ஒரு நிமிடம் போயிருக்கும், "தல கிறுகிறுங்குது" என்று சொல்லிக் கண்ணை மூடிவிட்டார். ஆன்டிபயாடிக் ஒவ்வாமையோ என்று பதறிவிட்டேன். பிறகு தெரிந்தது, தியேட்டரில் கடைசியாகக் கொடுத்த, மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் என்ற மருந்து அந்தக் குழாய்க்குள்ளேயே நின்றிருக்கிறது, அதை நான் தள்ளிவிட்டிருக்கிறேன். ஆக்சிஜன் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், அரை மணி நேரத்தில் தெளிந்தார். அன்றிலிருந்து தியேட்டரிலிருந்து வருகிற யாரையும் வாங்கும்போது, "லைன் ஃப்ளஷ் பண்ணிட்டீங்களா?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. கொண்டு வந்தவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும்.

ஃப்ளஷ் செய்யும்போதும், அதாவது சலைன் விட்டுக் குழாயைக் கழுவும்போதும், ஒரு சூட்சுமம். மருந்தை நாலு நிமிடம் மெதுவாகத் தள்ளிவிட்டு, பின்னால் சலைனை ஒரே அழுத்தாக அழுத்தினால், குழாயில் மிச்சமிருக்கும் மருந்து முழுக்க ஒரே நொடியில் போய்ச் சேரும். முதல் ஒன்றிரண்டு மி.லி. சலைனும் மருந்தின் வேகத்தில்தான் போக வேண்டும். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? மனசுக்குள் எண்ணினால் வேகமாகத்தான் எண்ணுவோம். வாட்சின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு, கால் மி.லி. தள்ளு, நிறுத்து, முகத்தைப் பார், மறுபடி கால் மி.லி. இப்படிப் போனால் நேரமும் போகும், அவர் கண்ணும் நம் கண்ணெதிரேயே இருக்கும்.

மார்ஃபின் என்றால் எல்லோரும் பயப்படுகிறார்கள், பாராசிட்டமால் என்றால் தண்ணீர் மாதிரி நினைக்கிறார்கள். 100 மி.லி. பாட்டிலில் 1 கிராம், பதினைந்து நிமிடம். இருபது சொட்டுக்கு ஒரு மி.லி. வரும் செட்டில் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 133 சொட்டு, அதாவது ஏறக்குறைய முழுக்கத் திறந்துவிட்ட மாதிரி. பெரியவர்களுக்கு இது சரி. பத்துக் கிலோவைத் தாண்டி, ஐம்பது கிலோவுக்குக் கீழே இருந்தால் கிலோவுக்கு 15 மி.கி. கணக்குதான். நம் ஊர்ப் பாட்டிமார் பலர் நாற்பது கிலோவைத் தாண்ட மாட்டார்கள், அவர்களுக்கு முழு பாட்டில் கிடையாது, 60 மி.லி.தான். பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு 180 மி.கி., அதாவது 18 மி.லி. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் குழந்தைக்கு முழு பாட்டிலையும் தொங்கவிட்டு, "பதினெட்டு போனதும் நிறுத்திடுவேன்" என்றாள். நடுவில் பக்கத்துக் கட்டிலில் யாராவது வாந்தி எடுத்தால் போதும், எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. தேவையானதை மட்டும் சிரிஞ்சில் எடுத்து, பாட்டிலை அந்த அறையிலிருந்தே அப்புறப்படுத்திவிடுவது என் வழக்கம். இன்னொன்று, கூட இருப்பவர்கள் பையில் பாராசிட்டமால் 650 மாத்திரை கட்டாயம் இருக்கும். "காச்சல் மாதிரி இருந்துச்சு, ஒண்ணு குடுத்தேன்" என்பார்கள். ஐம்பது கிலோவைத் தாண்டிய பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து நாலு கிராம்தான் உச்சம், கல்லீரல் கெட்டவர்களுக்கு அந்த அளவும் கூடாது. அதனால் பாட்டில் மாட்டும் முன் கேட்டுவிட வேண்டும்.

டிரமடால் என்ற வலி ஊசியை வேகமாகப் போட்டால் வாந்தி வர வாய்ப்பு அதிகம், தையல் போட்ட வயிற்றோடு வாந்தி எடுப்பவரைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. 100 மி.லி. சலைனில் அரை மணி நேரம் விடுவதே நல்லது. வலிப்பு நோய் உண்டா, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்க வேண்டும், இரண்டோடும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி எல்லாமே நரம்பில் போட ஏற்றவை என்று நினைக்கக் கூடாது. சில ஆம்ப்யூலில் தசையில் மட்டும் என்றே அச்சடித்திருக்கும். சிறுநீரகக் கோளாறு, குடல் புண், டெங்கு சந்தேகம் என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் மருந்து அதிகமாகப் போவதைப் பற்றி. இதையே நினைத்துக்கொண்டிருந்தால், வலியில் இருப்பவரைத் தவிக்க விட்டுவிட்டு 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஏழாம் படுக்கைச் சம்பவத்துக்குப் பிறகு நானே சில மாதம் அப்படித்தான் இருந்தேன். ஆர்டர் இருந்தாலும், "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, விடிஞ்சுரும்" என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். இன்சார்ஜ் அக்கா ஒருநாள் என்னை அழைத்துக்கொண்டு போய், மேல்வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒருவரை இருமச் சொன்னார். வலியால் அவரால் இரும முடியவில்லை, சளி உள்ளேயே கொரகொரவென்றது. "நீ ஊசிக்குப் பயந்தா இவருக்கு நிமோனியா வரும், பரவால்லையா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

"பழகிருமா சிஸ்டர்?" என்பது எல்லா வீட்டுக்காரர்களும் கேட்கும் கேள்வி. ஆபரேஷன் முடிந்த இரண்டு மூன்று நாள், பார்வையில் வைத்துக் கொடுக்கும் மருந்தால் ஒருவர் அடிமையாவது அரிது என்று சொல்லுவேன். பயம் அவர்களுக்கு மட்டும் இல்லை. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, உரிமச் சிக்கலுக்கு அஞ்சியே பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதை விட்டுவிட்டன. 2014-ல் திருத்தம் கொண்டுவந்து நடைமுறையைச் சுலபமாக்கினார்கள். அதே சமயம் 2018-ல் டிரமடாலும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. எங்களுக்கு இதன் பொருள் இரட்டைப் பூட்டு அலமாரியும் ஒரு தடித்த பதிவேடும். நேரம், பெயர், ஐபி நம்பர், கொடுத்தது எவ்வளவு, கொட்டியது எவ்வளவு, இரண்டு கையெழுத்து, காலி ஆம்ப்யூல் திரும்ப. கொட்டும்போது பார்க்காமலே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்களை எல்லா இடத்திலும் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் நானும் போட்டிருக்கிறேன். கணக்கு இடித்த அன்றைக்குத்தான் அந்தக் கையெழுத்தின் எடை தெரிந்தது. ஆம்ப்யூல் கடைசியில் குப்பைக் கூடையில் கிடைத்தது, அதுவரை சோறு இறங்கவில்லை.

ஊசி போட்டும் குறையாத வலியைப் பற்றி ஒரு விஷயம். இருபத்திரண்டு வயதுப் பையன், பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, மாவுக்கட்டு போட்டு வார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எட்டு மணிக்கு டிரமடால். பத்து மணிக்குப் பாராசிட்டமால். பதினோரு மணிக்கு முன்னைவிட அதிகமாகக் கத்துகிறான். "அம்மா செல்லம், சும்மா சத்தம் போடுறான்" என்று பக்கத்தில் பேச்சு. அடுத்த ஊசிக்கு டாக்டரைக் கேட்கலாமென்று போனை எடுத்தேன். கேட்டால் "கால் எப்படி இருக்கு?" என்பாரே என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். கட்டைவிரலை மெல்ல மேல்பக்கமாக மடக்கியதும் கட்டிலை விட்டு எழும்புகிற மாதிரி அலறினான். கெண்டைக்கால் கல்லாக இருந்தது. பாதத்தில் நாடி கிடைத்தது, நாடி இருக்கிறதே என்று ஏமாறக் கூடாத இடம் இது. தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டத்தை நெரிக்கும்போது நாடி கடைசியில்தான் போகும். எலும்பு டாக்டர் வந்து மாவுக்கட்டை முழுக்க வெட்டிப் பிரித்தார், அப்படியும் அடங்காமல் நள்ளிரவிலேயே தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தசை உறையைத் திறந்துவிட்டார்கள். கால் பிழைத்தது. நான் மூன்றாவது ஊசியைப் போட்டு அமர்த்தியிருந்தால் காலையில் என்ன பார்த்திருப்போம் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

வலியை எண்ணில் சொல்லச் சொல்வதும் எல்லோருக்கும் ஒத்து வராது. "சைபர்ல இருந்து பத்து வரைக்கும் எவ்வளவு?" என்றால் படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள். எங்களிடம் வருகிற பாட்டிகள், "உசுரு போகுதுத்தா" என்பதோடு சரி. போன மாதம் இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன ஒரு தாத்தா வந்தார், எண்பதைத் தாண்டியவர், மாட்டு வியாபாரம் பார்த்தவராம். பத்தில் எவ்வளவு என்று கேட்டதும் என்னை விநோதமாகப் பார்த்தார். சரி என்று, பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற பழைய கணக்கில், "ஒரு ரூபாக்கு எத்தன அணா வலி தாத்தா?" என்று கேட்டேன். கண் பளிச்சென்றது. "முழு ரூபாயும் வலிதான்."

வயதுக்காகப் பாதியாகக் குறைத்து எழுதியிருந்த 1 மி.கி.யை வாட்சைப் பார்த்தபடி தள்ளினேன். ஃப்ளஷ், அதையும் மெதுவாக. மூச்சு பதினாறு. இருபது நிமிடம் கழித்துப் போனபோது கண்ணை மூடியிருந்தார். அவர் மகன் ஸ்டூலிலிருந்து எழுந்து, "தூங்குறாரு சிஸ்டர்" என்று ரகசியமாகச் சொன்னார். நான் தோளைத் தொட்டு, "தாத்தா, இப்ப எத்தன அணா?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "பன்னண்டு அணா போயிருச்சு. நாலணா கெடக்கு, அது கெடந்துட்டுப் போகுது, நீ போயி மத்தவுகளப் பாரு தாயி" என்றார்.

நாலணா என்றால் பத்துக்கு இரண்டரை. சார்ட்டில் அரை எண் எழுத இடமில்லை. வலி 3, தூக்கம் 2, மூச்சு 14 என்று எழுதிவிட்டு, அடுத்து எழுப்ப வேண்டிய நேரத்தைப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.